செத்தவர் எழுந்து சிரிக்க வேண்டும்

“மேடம், என் பொண்ணு எத்தினியாவது சீன்ல சாவுறா?”

பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கொட்டகையில் பெற்றோர் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. மேலே தகரக் கூரை, கீழே ஐம்பது அறுபது பேர். மதியம் பிள்ளைகள் சிந்திய சாம்பாரின் வாசனை பெஞ்சுகளை விட்டு இன்னும் போகவில்லை. கடைசி வரிசையில் ஒருவர் எழுந்து நின்று இந்தக் கேள்வியைக் கேட்டார். வெள்ளைச் சட்டை முழுக்கச் செம்மண் தூசி படிந்திருந்தது.

“கடைசி சீன்ல” என்றேன்.

“கண்டிப்பா சாவணுமா?”

கொட்டகையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. கூட்டம் அடங்கும்வரை நின்றுவிட்டு, பதில் கிடைக்காத மனுஷர் போல மெதுவாக உட்கார்ந்தார்.

அவர் பெயர் ஏழுமலை. கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை மண்டி வைத்திருந்தார். மற்ற ஊர்க்காரர்கள் நிலக்கடலை என்பதை நாங்கள் மல்லாட்டை என்போம். அவருடைய ஒரே மகள் தர்ஷினி என்னிடம் ஒன்பதாம் வகுப்பு படித்தாள்.

நான் திருவண்ணாமலையில் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கில ஆசிரியையாகக் காலம் தள்ளியதைப் பற்றி இந்தப் பக்கங்களில் ஏற்கெனவே புலம்பியிருக்கிறேன். அங்கே ஷேக்ஸ்பியர் விழா என்று ஒன்று நடந்ததைச் சொல்லாமல் விட்டால் அந்தப் புலம்பல் முழுமையாகாது.

சாதா நாடகம் வேணாம்

எல்லாம் எங்கள் தாளாளரால் வந்தது. சென்னையில் சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளையின் பள்ளி ஆண்டு விழாவுக்குப் போய்விட்டு வந்தார். வந்தவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

“நம்ம பசங்களும் இங்கிலீஷ்ல நாடகம் போடணும் மேடம். சாதா நாடகம் வேணாம், ஷேக்ஸ்பியர். சுத்துவட்டாரத்துல நாலு ஸ்கூலைக் கூப்பிடுவோம். போட்டி வெச்சுடுவோம்.”

“செலவாகுமே சார்.”

“பேரண்ட்ஸ் எதுக்கு இருக்காங்க?”

நான் சரி என்றேன். எதற்கும் குதிக்கிற சுபாவம் எனக்கு இல்லை. ஆசிரியர் அறையில் எனக்கு ஐஸ் மிஸ் என்று பெயர். அது எனக்குத் தெரியாது என்று பல வருஷம் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். நானும் அந்த நம்பிக்கையைக் கெடுக்கவில்லை.

முதலில் ஒரு சனிக்கிழமையைத் தேதியாகக் குறித்தேன். முதல் பெற்றோர் கூட்டத்தில் அதைச் சொல்லி வாயை மூடவில்லை, நாலு பக்கத்திலிருந்தும் குரல் வந்தது: “அன்னைக்குப் பௌர்ணமி மேடம்!” இந்த ஊரில் இருபது வருஷம் குடியிருந்தும் பள்ளிக்கூட நாட்காட்டியைப் பார்த்துத் தேதி குறித்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பௌர்ணமியன்று மலை சுற்ற வருகிற கூட்டத்தில் எங்கள் பள்ளி வேன் வாசலை விட்டே நகராது. பாதிப் பெற்றோருக்கு அன்றுதான் வியாபாரம். ஒரு வாரம் தள்ளிப் போட்டோம்.

பெற்றோர் உதவி என்றால் என்ன என்று அதற்குப் பிறகுதான் பார்த்தேன். தீபத்துக்கு லட்சக்கணக்கில் வருகிறவர்களைச் சமாளிக்கிற ஊர் இது. அவர்களுக்கு விழா என்றால் ஒரே ஒரு விதமாகத்தான் நடத்தத் தெரியும். வாசலில் சவுக்குக் கட்டை கட்டி வரிசைக்கு வழி விட்டார்கள். செருப்பு விட ஒரு பந்தல், நீர்மோருக்கு ஒரு பந்தல். காணாமல் போன பிள்ளைகளை அறிவிக்கத் தனியாக ஒரு மைக். மொத்தப் பார்வையாளர்கள் முந்நூறு பேர் தேறுவார்களோ என்னவோ.

“ஸ்பெஷல் தரிசனத்துக்கு டிக்கெட் உண்டா மேடம்?” என்று ஒரு அப்பா கேலி செய்தார். அவர்தான் கட்டை கட்டினவர்.

சிறப்பு விருந்தினராக ஒரு வெள்ளைக்காரர் வேண்டும் என்று தாளாளர் ஆசைப்பட்டார். ஆசிரமங்கள் இருக்கிற செங்கம் ரோடு பக்கம் போனால் வெள்ளைக்காரர்களுக்கா பஞ்சம்? தாடி வைத்து, காவி வேட்டி கட்டிய ஒருவரை இரண்டு அப்பாக்கள் ஆட்டோவில் போய் அழைத்து வந்து காட்டினார்கள். மனிதர் தங்கமானவர். இத்தாலிக்காரர். ஆங்கிலம் எங்கள் எட்டாம் வகுப்பைவிடக் கம்மி. தாளாளர் அதைப் பொருட்படுத்தவில்லை, போட்டோவில் மொழி தெரியாதாம்.

கடைக்குட்டி

நான் எடுத்துக்கொண்ட நாடகம், கிழட்டு ராஜா ஒருவர் மூன்று பெண்களுக்கு ராஜ்ஜியத்தைப் பங்கு போடுகிற கதை. மூத்தவர்கள் இருவரும் அப்பாவை வாயாரப் புகழ்ந்து ஆளுக்குப் பாதியை வாங்கிக்கொள்கிறார்கள். கடைக்குட்டிக்கு அப்படிப் பேச வராது. ராஜா அவளைத் துரத்திவிடுகிறார். பிறகு மூத்தவர்கள் அவரைத் தெருவில் விட, தேடி வருகிறவள் அந்தக் கடைக்குட்டிதான். கடைசியில் அவள் செத்துப்போகிறாள். கிழவர் அவளைத் தூக்கி வந்து அழுகிறார்.

இந்தக் கதையைப் பெற்றோருக்குத் தமிழில் சொன்னேன். ஆங்கில இலக்கியத்தில் பட்டம் வாங்க நான் எழுதிய கட்டுரையைவிடச் சுருக்கமாக ஷாஹிதா அதற்கு விளக்கம் சொன்னாள்.

“உசுரோட இருக்கும்போதே பத்திரம் எழுதிக் குடுத்தா இப்படித்தாங்க ஆவும்.”

கொட்டகை முழுக்கத் தலையாட்டியது. ஷாஹிதாவின் குடும்பம் மூன்று தலைமுறையாகத் தேரடிப் பக்கம் கல்யாணத் துணிக்கடை நடத்துகிறது. அவள் மகன் ரியாஸ்தான் எங்கள் ராஜா. ராஜாவின் உடுப்பு, அவன் அப்பா நிக்காஹ் அன்று போட்ட ஷெர்வானி. “பார்த்துப் போட்டுக்க பேட்டா, கிழிஞ்சா உங்கத்தா என்னை வீட்டை விட்டுத் துரத்திடுவாரு” என்று அவள் ஒவ்வொரு ஒத்திகைக்கும் வந்து சொல்லிவிட்டுப் போவாள். ராஜாவின் சிம்மாசனம் ஒரு கல்யாண மண்டபத்துச் சிவப்பு வெல்வெட் நாற்காலி. அதன் முதுகில் இன்னும் மல்லிகை நார் சிக்கியிருந்தது.

கடைக்குட்டி வேஷம் தர்ஷினிக்கு. வகுப்பில் அவள் குரலை நான் அதிகம் கேட்டதில்லை. வசனம் கம்மி என்பதால் ஒத்துக்கொண்டாள் என்றுதான் நினைத்தேன். ஒத்திகையில் அது தப்பு என்று தெரிந்தது.

மேடையில் சாகச் சொன்னால் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார்கள். விரல் விறைத்துக்கொண்டு நிற்கும். ஒரு கண் மெல்லத் திறந்து அம்மா எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று பார்க்கும். தர்ஷினி படுத்தபோது கொட்டகையில் பேச்சு நின்றுவிட்டது. சமையல்காரம்மா பாத்திரம் தேய்ப்பதைக்கூட நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

“எப்படிடீ பண்றே?” என்று கேட்டேன்.

“கண்ணை மூடினா மட்டும் பத்தாது மிஸ். கையை விட்டுடணும்.”

அதோடு நிறுத்தாமல், கொஞ்சம் பெருமையாகவே ஒன்று சொன்னாள். “எங்கப்பாகூட ஒரு தடவை சினிமாவுல செத்திருக்காரு மிஸ்.”

பிள்ளைகள் சொல்கிற எத்தனையோ கதைகளில் ஒன்று என்று அதைக் காதில் போட்டுக்கொண்டதோடு சரி.

மண்டியில்

ஏழுமலை எழுந்து கேள்வி கேட்ட அந்தக் கூட்டத்துக்கு மறுநாளிலிருந்து தர்ஷினி ஒத்திகைக்கு வரவில்லை. வகுப்புக்கு வந்தாள். மணி அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு வேனுக்குப் போய்விடுவாள். கூப்பிட்டுக் கேட்டேன்.

“அப்பா வேணாம்னுட்டாரு மிஸ்.”

“வேற யாருக்காவது குடுத்துடட்டுமா?”

அவள் முகம் சிவந்துவிட்டது. “செத்தா நான்தான் மிஸ் சாவேன். வேற யாரும் சாவக் கூடாது.”

சொன்ன விதத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் கண்ணில் தண்ணீர் நின்றதைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அந்தப் பெண் பள்ளிக்கூடத்தில் ஒன்றை வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை.

தாளாளருக்கு விஷயம் போனது. “பொண்ணு பொழைச்சுக்குதுன்னு முடிச்சுட்டா என்ன மேடம்? எல்லாருக்கும் சந்தோஷமாப் போயிடும்” என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. இங்கிலாந்திலேயே ரொம்ப காலம் இந்த நாடகத்தின் முடிவை மாற்றி, கடைக்குட்டியைப் பிழைக்கவைத்து, கல்யாணமும் பண்ணிவைத்துத்தான் நடித்தார்கள். செத்துப்போவதை அங்கே ஜனங்களால் பார்க்க முடியவில்லையாம். இதை நான் தாளாளரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே கல்யாண மண்டபத்துக்குப் போன் போட்டு மணமேடையையும் கேட்டிருப்பார்.

அந்த வாரம் ஒரு மாலையில் பஸ் பிடித்துக் கீழ்பென்னாத்தூர் போனேன். மண்டி மெயின் ரோட்டிலேயே இருந்தது. வாசலில் லாரி நின்றது. உள்ளே மூட்டைகள் உத்தரம்வரை அடுக்கியிருந்தன. ஒரு பக்கம் பெண்கள் சல்லடையில் காய் சலித்துக்கொண்டிருந்தார்கள். காற்றில் மண்ணும் பச்சைக் காயின் எண்ணெய் வாசனையும் கலந்து தொண்டையை அடைத்தது. ஏழுமலை ஓடி வந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டார். டீக்குச் சொல்லிவிட்டு, ஒரு கை நிறையக் காய் அள்ளி என் எதிரில் வைத்தார்.

“உங்க மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல மேடம்.”

“தெரியும். ஏன் வேணாம்னு சொல்லுங்க.”

“கூட்டம் முடிஞ்ச அன்னைக்கு மண்டியை மூடிட்டு வீட்டுக்குப் போறேன். இவ நடுக் கூடத்துல தரையில படுத்துக் கெடக்குறா. கூப்பிட்டேன், எழுந்திருக்கல. கை அப்படியே…” அவர் தன் கையைத் தொங்கவிட்டுக் காட்டினார். “ஒத்திகையாம். எனக்கு உசுரே போயிடுச்சு.”

“நல்லா நடிக்கிறா. அதனாலதான் உங்களுக்கு அப்படி இருந்திருக்கு.”

“நல்லா நடிக்கிறதுதான் மேடம் பயமா இருக்கு.”

டீ வந்தது. அவர் குடிக்கவில்லை. சலிக்கிற பெண்கள் காதில் விழாதபடி நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

ஹீரோவின் காலடியில்

தர்ஷினி இடுப்பில் உட்காரும் குழந்தையாக இருந்தபோது, அடி அண்ணாமலைக்கு அப்பால் ஒரு தரிசு நிலத்தில் சினிமாப் படப்பிடிப்பு நடந்திருக்கிறது. சண்டைக் காட்சி. பிணமாகப் படுக்க ஆள் தேவைப்பட்டது. ஏழுமலைக்கு அப்போது சொந்த மண்டி இல்லை, லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். அன்றைய வேலையை விட்டுவிட்டு அவரும் போய் நின்றார்.

“முப்பது நாப்பது பேரு மேடம். மூஞ்சியெல்லாம் செவப்புச் சாயம். எனக்கு மட்டும் ஹீரோ காலாண்ட படுக்க எடம் குடுத்தாங்க. எனக்கு ஒரே பெருமை. வீட்டுக்குச் சொல்லியனுப்பினேன். வீட்டுக்காரி வந்தா, இடுப்புல இவளைத் தூக்கிக்கினு. தூரத்துல இருந்து பார்த்துட்டு, ‘எழுந்து வாய்யா, பாக்க சகிக்கல’ன்னு கத்தினா. டைரக்டரு அவளைத் திட்டினாரு.”

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்து போனது.

“அந்தப் படத்துல ஹீரோவும் சாவுறாரு. எடுத்து முடிச்சதும் அவரை எழுப்பி உக்கார வெச்சாங்க. ‘சார், கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிங்க’ன்னாங்க. அவரு சிரிச்சாரு. போட்டோ புடிச்சாங்க. பூசணிக்கா சுத்தி ஒடைச்சாங்க. சினிமாவுல அது வழக்கம் மேடம். செத்த மாதிரி நடிச்சா, எழுந்து சிரிச்சுட்டுத்தான் போவணும். இல்லன்னா ஆவாதாம்.”

“தெரியும், கேள்விப்பட்டிருக்கேன்.”

“எங்களை யாரும் சிரிக்கச் சொல்லல மேடம். எழுந்து போங்கன்னாங்க. பிரியாணி ஆறுது, சீக்கிரம் போங்கன்னாங்க. மூஞ்சி கழுவத் தண்ணி எங்க இருக்குன்னு தேடிக்கினு போனோம்.”

அந்த வருஷ மழைக்காலத்தில் அவர் மனைவிக்கு டெங்கு வந்தது. வேலூர்வரை கொண்டுபோயும் பலன் இல்லை.

“அதனாலதான்னு நான் சொல்லல. நீங்க படிச்சவங்க, சிரிப்பீங்க. எனக்கும் தெரியும், கொசு கடிச்சாதான் டெங்கு வரும். ஆனா அன்னைக்குச் சிரிச்சிருந்தா எனக்கு என்ன கொறைஞ்சிருக்கும் மேடம்? ஒரு நிமிஷ வேலை.”

நான் சிரிக்கவில்லை. எனக்கு அந்த மாதிரி நம்பிக்கை எதுவும் கிடையாது. அதே சமயம் அவருக்கு எடுத்துச் சொல்லித் திருத்தவும் தோன்றவில்லை. எதிரில் வைத்த காயில் ஒன்றை உடைத்தேன். உள்ளே மூன்று பருப்பு இருந்தது. மென்றுகொண்டே யோசித்தேன்.

“செத்ததும் திரை மூடிடும். மூடின உடனே தர்ஷினி எழுந்து சிரிக்கட்டும். நீங்க திரைக்குப் பின்னால வந்து நில்லுங்க. உங்க கண்ணெதிர்ல சிரிப்பா.”

அவர் ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். பிறகு ஒவ்வொன்றாக நிபந்தனை வைத்தார். வெள்ளைத் துணி போர்த்தக் கூடாது. மாலை போடக் கூடாது. படுக்கும்போது தலை கிழக்கே இருக்கணும். ஒரு பூசணிக்காய் சுத்தி உடைக்கணும்.

“பூசணிக்காய் வேணாம், மேடை வழுக்கும். அடுத்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க ஆடணும்.”

“சரி, எலுமிச்சம்பழம்.”

“எலுமிச்சம்பழம் சரி.”

இங்கிலாந்து ராஜ்ஜியத்தின் வாரிசுப் பிரச்சினையை ஒரு மல்லாட்டை மண்டியில் பேசி முடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்பினேன். மறுநாள் மணி அடித்ததும் தர்ஷினி முதல் ஆளாகக் கொட்டகையில் நின்றாள்.

“அப்பா எல்லாத்தையும் சொன்னாரு மிஸ்” என்றாள். எல்லாத்தையும் என்றால் எதையெல்லாம் என்று நான் கேட்கவில்லை.

விழா

அன்றைக்கு வெயில் கொஞ்சம் தணிந்திருந்தது. வரிசைக் கட்டைக்குள் யாரும் போகவில்லை, எல்லோரும் பக்கவாட்டில் நுழைந்தார்கள். கட்டை கட்டின அப்பா மட்டும் அதற்குள் முறையாக வளைந்து வளைந்து வந்து சேர்ந்தார். இத்தாலிக்காரர் முதல் வரிசையில் கை கூப்பியபடியே உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் நடுவர், வேலூரிலிருந்து வந்த ஓய்வு பெற்ற பேராசிரியர். தொண்டையைக் கனைத்தால்கூட ஆங்கிலத்தில் கனைப்பவர்.

முதல் நாடகத்தில் இரட்டைப் பிள்ளைகள் ஆள் மாறாட்டம் செய்து அடி வாங்கினார்கள். இரண்டாவதில் சூனியக்காரிகள் கொப்பரையைக் கலக்கினார்கள். கொப்பரை நிஜமாகவே அன்னதானக் கொப்பரை. அதை மேடையிலிருந்து இறக்க நாலு அப்பாக்கள் வேண்டியிருந்தது.

மூன்றாவது எங்களுடையது. ரியாஸ் ஷெர்வானியில் மூழ்கிப்போயிருந்தான். ஜரிகை ஒட்டிய கிரீடம் அவன் காதில் நின்றது. ஆனாலும் வாயைத் திறந்தால் ராஜாதான். மூத்த பெண்கள் இருவரும் புகழ்ந்து பேசியபோது பின்வரிசையில் ஒரு அம்மா, “பாரு, எப்படி ஐஸ் வைக்குதுங்க” என்றது மேடைவரைக்கும் கேட்டது. ஆங்கிலம் தெரியாதவர்களுக்கும் கதை போய்ச் சேர்ந்துவிட்டது என்று எனக்கு நிம்மதி.

கடைசிக் காட்சி. ராஜா மகளைத் தூக்கி வர வேண்டும். ரியாஸ் எலும்பும் தோலுமான பையன், அவனால் முடியாது என்று முன்பே தெரிந்துவிட்டது. அதனால் அவள் விழுந்த இடத்துக்கு அவன் ஓடி வந்து, தலையை மடியில் எடுத்து வைத்துக்கொள்வதாக மாற்றியிருந்தேன். கிழக்கே தலை. வெள்ளைத் துணி இல்லை.

நான் பக்கத்திரைக்குள் நின்றேன். எனக்கு நாலடி தள்ளி ஏழுமலை. புதுச் சட்டை. சட்டைப்பையில் எலுமிச்சம்பழம் புடைத்துக்கொண்டிருந்தது. மகள் விழுந்ததும் ஒரு கையால் திரைத் துணியைப் பிடித்துக்கொண்டார். அவளுடைய கை ராஜாவின் மடியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அவர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

ரியாஸ் அழுதான். கூட்டத்தில் ஷாஹிதா முந்தானையை வாயில் வைத்து அழுத்தியதைப் பார்த்தேன். எத்தனையோ ஒத்திகை பார்த்தவள் நான். அன்றைக்கு எனக்கும் கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது. ஐஸ் மிஸ்ஸுக்கு இது பெரிய விஷயம் என்பதால் எழுதிவைக்கிறேன்.

பந்தல்காரர் கொடுத்த சிவப்புத் திரையை இரண்டு அப்பாக்கள் இரண்டு பக்கமிருந்தும் இழுத்து மூடினார்கள். வெளியே கைதட்டல் எழுந்தது.

திரைக்குப் பின்னால்

தர்ஷினி எழுந்திருக்கவில்லை.

ஏழுமலை மேடைக்கு நடுவே போய் நின்றார். எலுமிச்சம்பழத்தை வெளியே எடுத்தார். “எழுந்திரு கண்ணு. முடிஞ்சுடுச்சு. சிரி.”

அசைவு இல்லை. ரியாஸ் பயந்துபோய் என்னைப் பார்த்தான். நானும் இரண்டடி முன்னால் போனேன்.

“தர்ஷினி, சிரிம்மா” என்றார் அவர். குரல் மாறிவிட்டது.

அவள் கண்ணைத் திறந்தாள். படுத்தபடியே அப்பாவைப் பார்த்தாள்.

“நீ மொதல்ல சிரி.”

“நான் எதுக்கு?”

“நீ செத்தப்போ சிரிக்கல இல்ல? நீதான் பாக்கி.”

ஏழுமலை சுற்றிலும் பார்த்தார். திரையைப் பிடித்துக்கொண்டு நின்ற இரண்டு அப்பாக்களும் அவரையே பார்த்தார்கள். “வெளையாடாத. அடுத்த நாடகத்துக்கு விடணும். ஜனங்க இருக்காங்க.”

“நீ சிரிச்சாதான் எழுந்திருப்பேன்.”

அவர் என் பக்கம் திரும்பினார். என்ன செய்ய வேண்டும் என்று என்னிடம் கேட்பது போலிருந்தது.  சிரியுங்கள் என்று தலையை ஆட்டினேன்.

முதலில் வந்தது சிரிப்பே இல்லை. மூட்டையைத் தோளிலிருந்து இறக்கும்போது வருகிற மூச்சு மாதிரி ஒரு சத்தம். வாயைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை முயற்சி செய்தார். அதுவும் சரியாக வரவில்லை. மூன்றாவதாக வந்ததை அவரால் நிறுத்த முடியவில்லை. எலுமிச்சம்பழம் கையிலிருந்து உருண்டு போனது. அவ்வளவு பெரிய மனுஷர் இடுப்பில் கை வைத்துக் குனிந்து, கண்ணில் தண்ணீர் வழிய, மேடையே அதிருகிற மாதிரி சிரித்தார்.

தர்ஷினி எழுந்து உட்கார்ந்து சிரித்தாள். என்ன ஏது என்று தெரியாமல் இங்கிலாந்து ராஜாவும் சிரித்தான். கிரீடம் கழன்று விழுந்தது. திரைக்கு வெளியே கைதட்டல் நின்றுபோய், கூட்டம் மொத்தமும் அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. வாயில் விரல் வைத்து அடக்கச் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை.

சாயங்காலம் நடுவர் மேடையேறிப் பேசினார். எங்களுக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு சூனியக்காரிகளுக்கு, கொப்பரையின் எடைக்காகவே அதைக் கொடுத்திருக்கலாம். எங்கள் நாடகத்தைப் பற்றிப் பேசும்போது பேராசிரியர் முகத்தைச் சுளித்தார். கடைக்குட்டியின் நடிப்பு பிரமாதம் என்றார். ஆனால் அப்படி ஒரு சோகம் முடிந்த கையோடு திரைக்குப் பின்னால் யாரோ வாய்விட்டுச் சிரித்தது நாடகத்துக்கே அவமரியாதை, அதற்காகத்தான் முதல் பரிசு போயிற்று என்றார். எல்லாம் ஆங்கிலத்தில்.

ஏழுமலை என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் மகள் வாங்கிய பரிசுக் கோப்பை இருந்தது. காது கொடுத்துக் கேட்டவர் மெதுவாக என் பக்கம் சாய்ந்தார்.

“இன்னா மேடம் சொல்றாரு?”

“உங்க சிரிப்பைப் பத்திச் சொல்றாரு.”

“இன்னான்னு?”

“எல்லாருக்கும் கேட்டுச்சாம்.”

அவர் கோப்பையைத் துண்டால் ஒரு தடவை துடைத்தார்.

“கேட்டா சரி” என்றார்.